அண்ணாச்சி கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருக்கள் சூழ்ந்த ஒரு முக்கில் என் மளிகைக் கடை இருக்கிறது. முதலில் அப்பா நடத்தினார். 27 ஆண்டுகளாக நான் நடத்துகிறேன். பருப்பு நிறுக்கும்போது ஒருவர் ஜிஎஸ்டியைப் பற்றிக் கேட்பார், எண்ணெய் ஊற்றும்போது இன்னொருவர் டெல்லியைப் பற்றிக் கேட்பார். ஒரே பதிலை ஒரே நாளில் ஏழு பேருக்குச் சொல்லி வாய் வலித்துப்போன ஒரு மாலையில், பி.காம். படிக்கும் என் மகள், "எழுதி ஒட்டிவிடுங்களேன் அப்பா" என்றாள். மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஈ ஓட்டும் நேரத்தில் எழுதியது இது. நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, விடிகாலையில் பால் வாங்க வந்தாலும் இருக்கிறீர்கள், ராத்திரி கொசுவத்தி வாங்க வந்தாலும் இருக்கிறீர்கள். எப்போதுதான் தூங்குவீர்கள்?

ஐந்து மணிக்குப் பால் வண்டி வரும், அப்போது கதவைத் திறப்பேன். இரவு ஒன்பதரைக்குச் சாத்திவிட்டுக் கல்லா எண்ணி, மறுநாள் வாங்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி முடிக்கும்போது பத்தரை ஆகிவிடும். மதியம் என் மனைவி வந்து உட்காருவார். நான் சாப்பிட்டுவிட்டு அரிசி மூட்டையில் சாய்ந்து அரை மணி நேரம் கண் மூடுவேன். கணக்கில் அவர் என்னைவிடக் கெட்டி. மதிய வியாபாரத்தில் இதுவரை ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் கொள்முதலுக்கு விருதுநகர் போவேன். அன்று மட்டும் கடையில் என்னைத் தேடாதீர்கள்.

போன வாரம் துவரம்பருப்புக்கு ஒரு விலை சொன்னீர்கள், இந்த வாரம் ஒரு விலை சொல்கிறீர்கள். மனசாட்சி இருக்கிறதா?

இருக்கிறது அக்கா. விலையை நான் ஏற்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை என்பதால் பருப்பு வருகிற வழியைச் சொல்கிறேன். நம் சாம்பாருக்கு வேண்டிய துவரை முழுவதும் தமிழ்நாட்டில் விளைவதில்லை. கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கமிருந்து வருகிறது. அதுவும் போதாமல் மியான்மர், மொசாம்பிக், தான்சானியாவிலிருந்து கப்பலில் இறங்குகிறது. பிறகு ஆலை, மண்டி, லாரி, கடைசியில் நான். கலபுரகியில் மழை தவறினால் விருதுநகர் மண்டிக்கு உடனே வியர்க்கும். இரண்டு நாள் கழித்து என் கரும்பலகையில் நான் கட்டைவிரலால் பழைய விலையை அழிப்பேன். நீங்கள் பார்ப்பது அந்தக் கட்டைவிரலை மட்டும்தான்.

எண்ணெய்க் கதை இன்னும் நீளமானது. நாம் சமையலுக்கு ஊற்றும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த வாரம் ஒரு பாட்டி என்னிடம், "யாரோ எங்கேயோ சண்டை போட்டால் என் அப்பளத்துக்கு ஏன் தம்பி விலை ஏறுகிறது?" என்று கேட்டார். அதைவிட நல்ல கேள்வியை நான் தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டதில்லை.

செய்தித்தாளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வருகிறது. அதையும் என் பலகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பருப்பிலும் அரிசியிலும் எனக்குக் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் நிற்கும். அதில் எலி தின்றதும் சாக்கில் ஒட்டியதும் போக மிச்சம்தான் வீட்டுக்கு.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி. போட்டிருக்கிறது. அதைவிடக் குறைத்துத் தரலாமா, கூடாதா?

தரலாம். அது உச்சவரம்பு, அதற்கு மேல் வாங்குவதுதான் குற்றம். குளிர்பானத்துக்குக் "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் கூட்டி வாங்கும் இடங்களில் தாராளமாகச் சண்டை போடுங்கள். என்னிடம் பேரம் பேசுவதானால் மூட்டையாக வாங்கும்போது பேசுங்கள். ஒரு ரூபாய் ஷாம்புக்கு வேண்டாம்.

செல்போனில் பணம் அனுப்பினால் உங்களுக்குக் கமிஷன் பிடிப்பார்களாமே? அதனால்தான் முகம் சுளிக்கிறீர்களா?

யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. "ரூபாய் இருபது பெறப்பட்டது" என்று கத்தும் அந்தப் பெட்டிக்குத்தான் மாத வாடகை. நான் முகம் சுளிப்பது வேறு காரணத்துக்கு. பண்டிகை நாளில், கூட்டம் நெருக்கும்போது, வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பணம் போனதா வந்ததா என்று இரண்டு பேரும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பின்னால் ஆறு பேர் நிற்பார்கள்.

சில கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைப்பதற்குக் காரணம் கமிஷன் அல்ல, பயம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் காய்கறிக்காரர்கள்கூட யுபிஐ ஸ்கேன் செய்யும் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். வரிவிலக்குள்ள காய்கறியையும் பாலையும் விற்றவருக்கும் மொத்த வரவைக் காட்டி நோட்டீஸ் போனால் அவர் என்ன செய்வார்? என் அட்டை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. என் கணக்கு ஏற்கெனவே அரசாங்கத்துக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்து ரூபாய் நாணயம் செல்லாதாமே?

செல்லும். பதினான்கு வடிவங்களில் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே சொல்லிவிட்டது. நான் வாங்குகிறேன். ஆனால் நான் கொடுத்தால் நீங்கள் வாங்குவதில்லை. என் கல்லாவில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம், எடுத்துப் போகவும் செய்யலாம், நூறு ரூபாய் நோட்டுக்குப் பத்து.

கேட்டவர்களுக்கெல்லாம் நோட்டில் எழுதிவிட்டுச் சாமான் கொடுக்கிறீர்களே, உங்களுக்கு நஷ்டம் இல்லையா?

கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை. என் நோட்டில் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தறிக்காரர்கள். கூலி சனிக்கிழமை வரும், அரிசி திங்கட்கிழமை தீரும். இடையில் இருக்கும் ஐந்து நாளைக்குப் பாலம் போடுவதுதான் இந்த நோட்டு. வட்டி கிடையாது. வங்கியில் கேட்டால் ஆதார், பான், மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். எனக்கு அவர் எந்தத் தறியில் உட்காருகிறார், நூல் விலை ஏறியதால் வேலை குறைந்திருக்கிறதா, மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களா என்பது தெரிந்தால் போதும். ஊரை விட்டே போனவர்களும் உண்டு. 27 ஆண்டில் அப்படிப் போனதைக் கூட்டினால் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். நோட்டு இல்லாமலிருந்தால் கடையே இருந்திருக்காது என்பதால் அதை விளம்பரச் செலவாக எழுதிக்கொள்கிறேன்.

அண்மைக் காலத்தில் நான் கண்ட மாற்றம் ஒன்று. முன்பெல்லாம் பக்கத்தின் தலைப்பில் கணவர் பெயர்தான் இருக்கும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கிய பிறகு, "அண்ணாச்சி, இந்தப் பாக்கியை என் பெயரில் மாற்றுங்கள், அவர் வந்து வாங்கினால் எழுதாதீர்கள்" என்று ஒரு பெண் சொன்னார். அடுத்தடுத்து எட்டுப் பத்துப் பக்கங்களில் பெயர் மாறிவிட்டது. பீடிக் கணக்கு தனியாகப் போய்விட்டது.

2016இல் நோட்டு செல்லாது என்றார்களே, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? அதனால் நாட்டுக்கு நல்லதா, கெட்டதா?

நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி. நான் ரவை நிறுத்துக்கொண்டிருந்தேன். எட்டரைக்கு ஆயிரம் ரூபாய் நோட்டோடு நான்கு பேர் வந்துவிட்டார்கள். அதுவரை அந்த வீடுகளில் ஆயிரம் ரூபாய் நோட்டு இருப்பது எனக்குத் தெரியாது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த 500, 1000 நோட்டுகள்தான். அடுத்த ஆறு வாரம் தறி நின்றது, ஏனென்றால் கூலி கொடுக்கக் காசு இல்லை. மேலே சொன்ன நோட்டுப் புத்தகம் அப்போதுதான் இரண்டு புத்தகமாயிற்று.

நல்லதா கெட்டதா என்றால், கறுப்புப் பணம் திரும்பி வராது, அழிந்துபோகும் என்றார்கள். ரிசர்வ் வங்கியே 2018இல் சொன்ன கணக்கின்படி 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். வரிசையில் நின்ற கால் வலிக்குத்தான் இன்னும் யாரும் கணக்குச் சொல்லவில்லை. செல்போனில் பணம் கொடுக்கும் பழக்கம் அதனால் வேகம் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழக்கத்துக்கு இவ்வளவு விலை தேவையா என்பதுதான் என் சந்தேகம்.

ஜிஎஸ்டி குறைந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். உங்கள் கடையில் மட்டும் ஏன் குறையவில்லை?

குறைந்தது. நீங்கள் வாங்கும் பொருளில் குறையாமல் இருந்திருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீதப் படிகளை எடுத்துவிட்டு 5, 18 என்று வைத்தார்கள், சில பொருள்களுக்கு 40. பிஸ்கட், சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இவையெல்லாம் 18இலிருந்து 5 ஆயின. நெய்யும் வெண்ணெயும் 12இலிருந்து 5. ஆனால் நீங்கள் என்னிடம் சாக்கிலிருந்து நிறுத்து வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும் அன்றும் வரி இல்லை, இன்றும் இல்லை. இல்லாத வரியை எப்படிக் குறைப்பது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வரி வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் இல்லை. கொஞ்ச நாளில் சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்துவிட்டது! "எதற்கு அண்ணாச்சி இந்த ஒரு கிலோ?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அந்த ஒரு கிலோவைத் தூக்க முடியாமல் திட்டியவர்கள் டெல்லிக்குக் கேட்கும்படி திட்டியிருக்க வேண்டும், என்னிடம் திட்டினார்கள்.

நீங்கள் ஜிஎஸ்டி கட்டுகிறீர்களா, அல்லது எங்களிடம் வாங்கி வைத்துக்கொள்கிறீர்களா?

கட்டுகிறேன், உங்களிடம் தனியாக வாங்குவதில்லை. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவே தேவையில்லை. அதற்கு மேல், ஒன்றரைக் கோடி வரை, "காம்போசிஷன்" என்று ஒரு திட்டம் இருக்கிறது. வரி உள்ள சரக்கின் விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, என் கையிலிருந்து கட்ட வேண்டும். அதை பில்லில் போட்டு உங்களிடம் வசூலிக்கக் கூடாது, நான் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் கூடாது. என் கணக்கு அரசாங்கத்துக்குத் தெரியும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

வரி கட்ட எரிச்சலாக இருக்கிறதா என்று மகள் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுப்பார்கள். யாரும் அதட்டி வாங்கியதில்லை. உறவின்முறை என்ற சமூகச் சங்கம் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியது. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அப்படி மகமையிலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியிலும் வளர்ந்ததுதான். என் தாத்தா மகமை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்தப் பணத்தில் எழும்பும் சுவரைப் பார்ப்பார். நான் இணையத்தில் வரி கட்டிவிட்டு நிமிர்ந்தால் எதிரே மூன்று ஆண்டாக மூடாத சாக்கடை தெரிகிறது. அந்தச் சாக்கடை நகராட்சியின் பொறுப்பு, ஜிஎஸ்டி வேறு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் விலை ஏன் இறங்கவில்லை?

பணவீக்கம் குறைந்தது என்றால் விலை இறங்கியது என்று பொருள் இல்லை. ஏறுகிற வேகம் குறைந்தது என்று பொருள். மாடிப்படியில் ஓடி ஏறியவர் இப்போது நடந்து ஏறுகிறார், ஆனால் இருப்பது மூன்றாவது மாடியில்தான். 4 சதவீதத்தை ஒட்டி, 2க்குக் குறையாமல் 6ஐத் தாண்டாமல் வைத்திருப்பது ரிசர்வ் வங்கிக்கு 2016இல் கொடுத்த வேலை. 2025 அக்டோபரில் அது 0.25 சதவீதத்துக்கு வந்தது. காய்கறி முந்தைய ஆண்டைவிட மலிவாக இருந்ததும் மேலே சொன்ன வரிக்குறைப்பும் சேர்ந்த பலன்.

அதே 2025இல் தேங்காய் எண்ணெய் வாங்கியவரிடம் போய் 0.25 என்று சொல்லிப் பாருங்கள். அரசாங்கம் போடும் கூடையில் எல்லா வீட்டுச் செலவும் கலந்திருக்கிறது. அப்போதிருந்த கணக்கில் உணவுக்கும் பானத்துக்கும் நூற்றில் ஏறக்குறைய 46 பங்கு. என் நோட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு அது இன்னும் கூடுதல். அதோடு பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் என் கடைக்கு வராமலே உங்கள் மணிபர்ஸைக் காலி செய்துவிடுகின்றன. மிச்சத்தோடு என்னிடம் வருகிறீர்கள். அதனால் என் கடையில்தான் விலை கூடியதாகத் தெரிகிறது.

டீசல் ஏறினால் உப்பு ஏன் ஏறுகிறது? உப்பு கடலில் சும்மாதானே கிடைக்கிறது?

உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்களைக் கேட்டால் சும்மாவா என்று சொல்வார்கள். தூத்துக்குடி உப்பு கனம் அதிகம், விலை குறைவு. ஆகவே அதன் விலையில் லாரி வாடகைதான் பெரும் பங்கு. முந்திரிப் பருப்புக்கு லாரி வாடகை தூசு. டீசல் ஏறினால் ஏழை வாங்கும் கனமான மலிவான பொருள்தான் முதலில் ஏறும், பணக்காரர் வாங்கும் லேசான விலையுயர்ந்த பொருள் அசையாது. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் இல்லை. ஒன்றிய அரசு கலால் வரி போடுகிறது, மாநில அரசு மதிப்புக்கூட்டு வரி போடுகிறது. விலை ஏறினால் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். இரண்டு கையும் சரியாகத்தான் காட்டுகின்றன.

இலவசமாகக் கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணாச்சி?

இதைப் பெரும்பாலும் கேட்பவர்கள் மாதம் முதல் தேதி ஓய்வூதியம் வாங்குபவர்கள் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். அரிசி விற்கும் எனக்குத்தான் அதில் முதல் நஷ்டம். ஆனால் அரிசியில் மிஞ்சிய பணம் எங்கே போகிறது என்று நான் கல்லாவில் பார்க்கிறேன். பருப்பு கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ ஆகிறது. முட்டை வாரம் நான்கிலிருந்து பத்து ஆகிறது. சத்துமாவு கேட்கிறார்கள். அரிசி இலவசமாகக் கிடைப்பதால் தறியில் உட்காராமல் படுத்துக்கொண்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வெறும் சோற்றைத் தின்று எத்தனை நாள் படுத்திருப்பது?

1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோதும் அப்பாவின் கடையில் இதே பேச்சு நடந்ததாம். அதற்கும் முன்னால் காமராஜர் மதிய உணவு போட்டபோது பணத்துக்கு எங்கே போவது என்றார்களாம். இன்று அந்த இரண்டையும் குறை சொல்ல ஆள் இல்லை. 2021 மே முதல் பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஊருக்குள் வந்து விலை விசாரித்து வாங்குகிறார்கள். அதில் எனக்குப் போட்டி கூடிவிட்டது, இருந்தாலும் நல்லதைக் கெட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. 2003 முதல் மதுக்கடைகளை அரசே நடத்துகிறது. ஆட்சி மாறினாலும் அந்தக் கடை மாறுவதில்லை. மனைவி கையில் ஆயிரம் கொடுத்துவிட்டுக் கணவர் கையிலிருந்து அதைப் பல மடங்காக வாங்கிக்கொள்வது என்ன கணக்கு? சனிக்கிழமை இரவு என் நோட்டுப் பாக்கியைக் கட்ட வர வேண்டிய கூலி, வழியில் இருக்கும் பச்சைப் பலகைக் கடையில் இறங்கிவிடுகிறது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் இதைச் சொல்கிறேன். இரண்டு பெரிய கட்சிக்காரர்களுமே வெற்றிலை மென்றபடி தலையாட்டுகிறார்கள்.

நம் வரிப் பணத்தை டெல்லி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவதில்லை என்பது உண்மையா, அரசியலா?

இரண்டும். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, ஒன்றிய அரசு பகிர வேண்டிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு என்று வைத்தது. மாநிலங்களுக்கான அந்தப் பங்கை 100 ரூபாய் என்று வைத்துப் பிரித்தால் தமிழ்நாட்டுக்கு 4 ரூபாய் 8 காசு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 6 சதவீதம். வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கூடுதல் என்பது சூத்திரம். கூட்டுக் குடும்பத்தில் நன்றாகச் சம்பாதிக்கும் பிள்ளை கூடுதலாகக் கொடுப்பதைப் போல. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, பகிர வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கும் பகுதியில்தான். செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வசூலிப்பதை மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. என் அண்ணனும் நானும் அப்பா காலத்துக்குப் பிறகு கடைக் கணக்கைப் பிரித்தபோது, "முன்பக்க வரும்படியில் பாதி உனக்கு" என்று சொல்லிவிட்டுச் சரக்கையெல்லாம் பின்பக்கம் வைத்து விற்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதே நேரம், நம் மாநிலத்துக்குள் விற்கும் பொருளின் ஜிஎஸ்டியில் பாதி நேராக மாநிலத்துக்குப் போகிறது. மேடையில் பேசுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். மேலே இலவசக் கேள்வியில் சொன்ன மதுக்கடை வருமானத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, போனில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. நீங்கள் எப்போது கடையை மூடப் போகிறீர்கள்?

2012இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுமதி கொடுத்தபோதும் இதைக் கேட்டீர்கள். அப்போது பயந்த திசையிலிருந்து ஆபத்து வரவில்லை, பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. ஒரு சோப்பை நான் விநியோகஸ்தரிடம் என்ன விலைக்கு வாங்குகிறேனோ, சில நாள் அதைவிடக் குறைவாகப் பெரிய கடையில் விற்கிறார்கள். நானே போய் அங்கே இரண்டு டஜன் வாங்கி வந்து விற்றிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஐந்து ரூபாய்க்குக் கடுகும் சீரகமும் கலந்து கேட்டால் அங்கே தர மாட்டார்கள். பிரசவ வலி வந்த வீட்டுக்கு நள்ளிரவில் கதவைத் திறந்து சுக்கு கொடுக்க மாட்டார்கள். நோட்டில் எழுத மாட்டார்கள். இதெல்லாம் போதுமா என்று கேட்டால், போதாது. மாதச் சாமான் பட்டியல் என்னிடம் வருவது பாதியாகக் குறைந்துவிட்டது. வருவது அவசரமும் கடனும்தான். என் மகளே முகத்துக்குப் பூசும் கிரீமைப் போனில்தான் வாங்குகிறாள். கடைக்கு வரும் கூரியர் பையனுக்கு நான்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

தேர்தல் வந்தால் உங்களுக்கு நல்ல வியாபாரமாமே?

வியாபாரம் வரும், தலைவலியும் வரும். தேதி அறிவித்த நாளிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு தேர்தலின்போது கொள்முதலுக்குப் போன என்னைப் பறக்கும் படை நிறுத்தி, பையைக் கொட்டி எண்ணியது. 72,400 ரூபாய். முந்தைய வார மண்டிச் சீட்டுகள் சட்டைப் பையில் இருந்தும் போதாது என்றார்கள். மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு போய், எந்தப் பாக்கி யாருடையது என்று விளக்கித் திரும்ப வாங்கினேன். அந்த வாரம் கடையில் பருப்பு இல்லை. அதே வாரத்தில் எங்கள் தெருவில் கவர் வந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை.

கவர் வந்த நாள் எனக்குத் தெரிந்துவிடும். காலையிலேயே மடிப்புக் கலையாத 500 ரூபாய் நோட்டுகள் வரிசையாகக் கல்லாவுக்கு வரும். சில பழைய பாக்கிகள் அன்று தீரும். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று பணம் கொடுத்ததற்காகத் தேர்தலையே நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் வாங்கியவர்கள் எல்லோரும் அந்தச் சின்னத்துக்கே போடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். "இருவரிடமும் வாங்கினேன் அண்ணாச்சி, யாரையும் ஏமாற்ற மனம் இல்லை, அதனால் மூன்றாவது ஆளுக்குப் போட்டேன்" என்று சொன்னவர் என் நோட்டில் இருக்கிறார்.

இந்தத் தடவை யார் ஜெயிப்பார்கள்? நாலு பேர் வந்துபோகும் கடை, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

தெரியாது. 1967இல் விருதுநகரில் காமராஜரே தோற்றார், 1,285 வாக்கில். அன்று காலை வரை சந்தை முழுக்க அவர் ஜெயிப்பார் என்றுதான் பேச்சு என்று அப்பா சொல்வார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஜோசியம் சொல்வதில்லை.

சரி, அதை விடுங்கள். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் அண்ணாச்சி?

எல்லாக் கேள்வியிலும் அதிகம் கேட்கப்படுவது இதுதான், பதில் இல்லாததும் இது ஒன்றுதான். இவ்வளவு நேரம் எழுதியதிலிருந்து ஒருவர் என்னை அந்தக் கட்சி என்பார், இன்னொருவர் இந்தக் கட்சி என்பார். கடை வாசல் பெஞ்சில் தினமும் காலை இரண்டு கட்சிகளின் வட்டப் பொறுப்பாளர்கள் அக்கம்பக்கமாக உட்கார்ந்து ஒரே செய்தித்தாளைப் பிரித்துப் படிக்கிறார்கள். ஒருவர் கையில் முதல் பக்கம் இருந்தால் மற்றவர் கையில் விளையாட்டுப் பக்கம் இருக்கும், பிறகு மாற்றிக்கொள்வார்கள். கூட்டத்துக்கு நன்கொடை கேட்டு வந்தால் இருவருக்கும் ஒரே தொகை, இரண்டு ரசீதையும் ஒரே ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்.

அந்த இருவரின் பாக்கியும் என் நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கிறது. யாருடைய பாக்கி கூடுதல் என்பதையும் சொல்ல மாட்டேன்.